மிக்சர் டப்பாவைத் திறந்தால் மூட முடியவில்லை: என்ன செய்வது?

கேள்வி இது: பகலெல்லாம் ஒழுங்காக இருந்துவிட்டு, சாயங்காலம் காபியோடு மிக்சரையோ முறுக்கையோ எடுத்தால் டப்பா காலியாகும்வரை கை நிற்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி, பண்டிகைக்கு வந்த இனிப்பு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஒரு வாரம் தொடாமல் இருந்தால் அடுத்த வாரம் இரண்டு மடங்காகப் போகிறது. மன உறுதியை வளர்ப்பது எப்படி?

மன உறுதியை வளர்ப்பதற்கு மெனக்கெடாதீர்கள். டப்பா திறந்து, வாசனை மூக்கில் ஏறி, முதல் பிடி வாய்க்குள் போன பிறகு "போதும்" என்று சொல்வதுதான் இந்த விஷயத்திலேயே கடினமான இடம். அங்கே நின்று ஜெயித்துக் காட்ட வேண்டும் என்று நினைப்பவர்கள்தான் திரும்பத் திரும்பத் தோற்கிறார்கள். எவ்வளவு தின்னப்போகிறீர்கள் என்பது பெரும்பாலும் அதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. மதியம் என்ன சாப்பிட்டீர்கள், முந்தின இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், கடையில் எந்த அளவு பாக்கெட் வாங்கினீர்கள், வீட்டில் அதை எந்த அலமாரியில் வைத்தீர்கள் என்பதில்தான் பாதிக்கு மேல் இருக்கிறது.

இது வெறும் அபிப்பிராயம் இல்லை. 2012-ல் வில்ஹெல்ம் ஹாஃப்மன் என்ற உளவியலாளரின் குழு ஜெர்மனியில் சுமார் 200 பேரிடம், ஒரு நாளில் பல முறை, "இப்போது ஏதாவது ஆசை வந்திருக்கிறதா, அதை அடக்கப் பார்க்கிறீர்களா" என்று கேட்டுக் குறித்துக்கொண்டது. தன்னடக்கம் மிகுந்தவர்கள் என்று கணக்கிடப்பட்டவர்கள் ஆசையோடு அதிகமாக மல்லுக்கட்டியவர்கள் இல்லை. அவர்களுக்கு மல்லுக்கட்ட வேண்டிய நிலைமையே குறைவாக வந்தது. ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மிஷெல், காத்திருந்தால் இன்னும் பிடித்த தின்பண்டம் கிடைக்கும் என்று சொல்லிக் குழந்தைகளிடம் நடத்திய சோதனையைப் பலரும் மன உறுதிக்கு உதாரணமாகச் சொல்வார்கள். ஆனால் 1972-ல் வெளியான அந்த ஆய்வில் கவனிக்க வேண்டியது வேறு. தின்பண்டம் கண் முன்னால் இருந்தபோது குழந்தைகளால் வெகு நேரம் காத்திருக்க முடியவில்லை. அதை மறைத்து வைத்தபோதும், வேறு எதையாவது நினைத்துக்கொண்டிருக்கச் சொன்னபோதும் அதே வயதுக் குழந்தைகள் நெடுநேரம் காத்திருந்தார்கள்.

முதலில் மிக்சரையே எடுத்துக்கொள்வோம். அது ஏன் நிறுத்தவிடுவதில்லை என்று தெரிந்தால் பாதிக் குற்ற உணர்ச்சி போய்விடும். 100 கிராம் மிக்சரில் சுமார் 500 முதல் 550 கலோரி. எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு எண்ணெய், மீதியில் பெரும்பகுதி மாவு, மேலே உப்பும் காரமும். கொழுப்பும் மாவுச்சத்தும் இப்படி ஒன்றாகச் சேர்ந்து வருவது இயற்கை உணவில் அபூர்வம். அரிசியில் மாவு உண்டு, கொழுப்பு இல்லை. தேங்காயில் கொழுப்பு உண்டு, மாவு குறைவு. இரண்டும் சேர்ந்த பண்டத்துக்கு மூளை கொடுக்கும் மதிப்பு, அதே கலோரி தரும் மாவு மட்டுமோ கொழுப்பு மட்டுமோ உள்ள பண்டத்துக்குக் கொடுப்பதைவிட அதிகம் என்று 2018-ல் யேல் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. பரோட்டா, மைசூர்பாகு, உருளைக்கிழங்கு சிப்ஸ், கேக், பிரியாணி என்று நம்மை விழத்தட்டும் பண்டங்களின் பட்டியலைப் போட்டுப் பாருங்கள். எல்லாம் இந்தக் கூட்டணிதான்.

அடுத்தது வேகம். ஈரப்பசை இல்லாத, மொறுமொறுப்பான பண்டம் இரண்டு கடியில் தூளாகிவிடும். வயிறு விரிந்த செய்தியும், குடலிலிருந்து வரும் "போதும்" என்ற ஹார்மோன் செய்தியும் மூளையில் நன்றாகப் பதிய 15, 20 நிமிடமாவது ஆகும். அந்த நேரத்துக்குள் 150 கிராம் மிக்சர் உள்ளே போய்விடும். அது 750 கலோரிக்கு மேல். அதிகம் உடலுழைப்பு இல்லாத பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1660 கலோரி போதும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் தந்த கணக்கு, ஆணுக்கு 2110. ஒரு சீரியல் முடிவதற்குள் பெண்ணுக்கான அளவில் ஏறக்குறைய பாதி போய்விடுகிறது, அதற்குப் பிறகு இரவுச் சாப்பாடும் இருக்கிறது. 2019-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 20 பேரை நான்கு வாரம் உள்ளேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவும் கொடுத்தது. தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார், உப்பு எல்லாம் இரண்டிலும் ஏறக்குறைய சமம். வேண்டிய மட்டும் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவின்போது அதே ஆட்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், வேகமாகவும் சாப்பிட்டார்கள்.

மூன்றாவது, அலுப்பு. ஒரே ருசியைத் தொடர்ந்து சாப்பிட்டால் அந்த ருசி மட்டும் மங்கிப்போகும், மற்ற ருசிகள் மங்காது. கல்யாணப் பந்தியில் மூச்சு முட்டச் சாப்பிட்ட பிறகும் "பாயசத்துக்குத் தனி வயிறு" என்று சொல்கிறோமே, அதற்குக் காரணம் இதுதான். பார்பரா ரோல்ஸ் என்ற ஆய்வாளர் 1980-களிலேயே இதைச் சோதித்துக் காட்டினார். மிக்சரின் தந்திரம் பெயரிலேயே இருக்கிறது: ஒரு வாயில் ஓமப்பொடி, அடுத்ததில் வேர்க்கடலை, அடுத்ததில் காராபூந்தி, நடுநடுவே ஒரு கறிவேப்பிலை, ஒரு பூண்டுப் பல். நாக்கு அலுத்துப்போகவே வாய்ப்பில்லை. வெறும் ஓமப்பொடியை மட்டும் வாங்கினால் பலருக்கு அளவு தானாகவே குறையும். செய்து பாருங்கள்.

இனி என்ன செய்வது என்று பார்ப்போம். ஆரம்பத்தில் எதையும் குறைக்க வேண்டாம். ஏழு நாள் ஒரு சின்ன நோட்டிலோ போனிலோ நாலே நாலு விஷயம் குறித்து வையுங்கள்: எத்தனை மணி, எங்கே இருந்தீர்கள், அதற்கு முன் கடைசியாக எப்போது என்ன சாப்பிட்டீர்கள், அப்போது மனநிலை என்ன. அளவைக்கூட எழுத வேண்டாம். அளவு எழுதச் சொன்னால் ஆட்கள் மூன்றாம் நாளே பொய் எழுத ஆரம்பிப்பார்கள் அல்லது நோட்டையே தொலைத்துவிடுவார்கள். வாரக் கடைசியில் பார்த்தால் "எப்போதும் தின்றுகொண்டே இருக்கிறேன்" என்று நினைத்தது இரண்டு மூன்று நேரங்களாகச் சுருங்கியிருக்கும். பெரும்பாலானவர்களுக்கு அவை: சாயங்காலம் 5 முதல் 7, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் டிவி முன்னால், வாரக்கடைசி. அதில் ஒன்றை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

சாயங்கால நேரத்துக்கு முக்கால்வாசிக் காரணம் பசி. காலையில் மூன்று இட்லி, சட்னி. சின்ன இட்லிக்கு 2 கிராம் புரதம் என்று வைத்தால் மொத்தம் 6, 7 கிராம். மதியம் 1 மணிக்கு ஒரு குவியல் சாதம், குழம்பு, பேருக்கு ஒரு கரண்டிப் பொரியல். பிறகு இரவு 9 மணிக்குத்தான் சாப்பாடு. நடுவில் எட்டு மணி நேரம். 5 மணிக்கு உடம்பு உணவு கேட்பது நியாயம். அதற்கு மிக்சரைக் கொடுத்துவிட்டு, "எனக்குக் கட்டுப்பாடு இல்லை" என்று திட்டிக்கொள்வதுதான் அநியாயம்.

ஆகவே திருத்த வேண்டியது காலையும் மதியமும். காலையில் இட்லியோடு சாம்பார் ஒரு கிண்ணம் நிறைய, அல்லது இரண்டு முட்டை (முட்டைக்கு 6 கிராம் புரதம்), அல்லது இட்லிக்குப் பதிலாக அடை, பெசரட்டு. மதியம் சாதத்தை ஒரு கரண்டி குறைத்து, காயும் பருப்பும் ஒரு கிண்ணம் வீதம் கூட்டுங்கள். அசைவக்காரர்களுக்கு மீன் இரண்டு துண்டு. 4.30-க்கு, பசி கொதிப்பதற்கு முன்பே, ஒரு சிற்றுணவு: ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் (வெந்தது 100 கிராம் என்றால் சுமார் 160 கலோரி, 8 கிராம் புரதம், நல்ல நார்), அல்லது வேகவைத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி, அல்லது கொய்யாவும் ஒரு அவித்த முட்டையும். மிக்சரை விட வேண்டாம். சுண்டல் முடிந்த பிறகு, 30 கிராம் மிக்சரைச் சின்னக் கிண்ணத்தில் போட்டு, டப்பாவை மூடி, அலமாரியில் வைத்துவிட்டு வந்து உட்காருங்கள். 30 கிராம் என்பது சராசரிக் கையில் ஒரு குவிந்த பிடி, சுமார் 160 கலோரி. முதல் நாலைந்து நாள் சமையல் தராசில் நிறுத்துப் பாருங்கள். கண் கணக்கு நம்மை ஏமாற்றும், அதுவும் பசியில் இருக்கும் கண் மோசமாக ஏமாற்றும்.

இதில் எங்கே சறுக்கும் என்றால், கிண்ணத்தைத் தவிர்த்து டப்பாவோடு உட்காரும் இடத்தில். டப்பாவுக்கு முடிவு கிடையாது. கிண்ணத்துக்கு அடி தெரியும். பெரிய பாத்திரத்திலும் பெரிய பொட்டலத்திலும் வைத்தால் மனிதர்கள் தங்களை அறியாமலே கூடுதலாகத் தின்கிறார்கள் என்பது இந்தத் துறையில் நன்றாக உறுதிப்பட்ட முடிவுகளில் ஒன்று. பல ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பு 2015-ல் வெளியிட்ட தொகுப்பாய்வும் அதையே சொன்னது. டிவி, போன் பார்த்துக்கொண்டு தின்றால் அப்போதும் கூடும், அடுத்த வேளையிலும் கூடும். ஏனெனில் தின்றதே மனதில் சரியாகப் பதியவில்லை. கிண்ணம் காலியாகும் ஐந்து நிமிடம் மட்டும் டிவியை நிறுத்தி வைத்தால் போதும். கேட்க அற்பமாக இருக்கும், நன்றாக வேலை செய்யும்.

பசியா ஆசையா என்று தெரியாவிட்டால் ஒரு கேள்வி: இப்போது ரசம் சாதமும் ஒரு அப்பளமும் கொடுத்தால் சாப்பிடுவீர்களா? "சரி, போடு" என்றால் பசி. "வேண்டாம், மிக்சர்தான் வேண்டும்" என்றால் ஆசை. பசிக்கு உணவுதான் மருந்து, அதை எதிர்த்து நிற்பது வீண். ஆசைக்கு வைத்தியம் வேறு.

ஆசை எப்படி வளர்கிறது என்று பாருங்கள். முதலில் ஒரு பொறி: விளம்பரம், வாசனை, பக்கத்து மேஜையில் பிரியும் பொட்டலத்தின் சத்தம். அடுத்து மனம் அதைப் படமாக்கத் தொடங்கும். நெய் வழியும் மைசூர்பாகு, அதன் நிறம், கடித்தால் கரையும் விதம். இந்தப் படம்தான் ஆசையைத் தீனி போட்டு வளர்க்கிறது. "நினைக்கக் கூடாது" என்று அதட்டினால் இன்னும் பெரிதாகும். ஆனால் மூளையின் படம் வரையும் பகுதிக்கு வேறு வேலை கொடுத்தால் படம் மங்கும். பிரிட்டனின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் ஆசை வந்த நேரத்தில் மூன்று நிமிடம் டெட்ரிஸ் என்ற கட்டை அடுக்கும் வீடியோ கேமை விளையாட வைத்தார்கள். ஆசையின் வேகம் குறைந்தது. கண்ணுக்கும் கைக்கும் வேலை கொடுக்கும் எதுவும் உதவும்: பூத்தொடுத்தல், கோலப் புள்ளி வைத்துப் பார்த்தல், செஸ் புதிர், துணி மடித்தல். பாட்டு கேட்பது அவ்வளவாக உதவாது, கண் சும்மாதானே இருக்கிறது. ஆசை ஏறி, உச்சிக்குப் போய், தானாக இறங்கும்; பெரும்பாலும் 20, 30 நிமிடத்துக்குள். கடிகாரத்தில் 20 நிமிடம் வைத்து, "அதற்குப் பிறகும் வேண்டுமென்றால் கிண்ணத்தில் போட்டுத் தின்பேன்" என்று உங்களுக்கே அனுமதி கொடுத்துவிட்டு வேலையைப் பாருங்கள். "கூடாது" என்பதைவிட "கொஞ்சம் கழித்து" என்பதற்கு மனம் இணங்கும்.

இன்னொன்றும் கவனியுங்கள். வேண்டும் என்ற துடிப்பும் தின்னும்போது கிடைக்கும் இன்பமும் மூளையில் ஒன்றல்ல. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ் பல ஆண்டுகளாகக் காட்டிவருவது இது. மூன்றாவது லட்டை எடுக்கும்போது துடிப்பு அப்படியே இருக்கும், ருசி எப்போதோ இறங்கியிருக்கும். முதல் லட்டின் முதல் இரண்டு கடியை மெதுவாக மென்று தின்றுவிட்டு, மூன்றாவது லட்டுக்கு அதே மதிப்பெண் தர முடியுமா என்று உங்கள் நாக்கையே கேளுங்கள்.

இனி வீடும் கடையும். ஒரு கிலோ வாங்கினால் மலிவு என்ற கணக்கு இந்த விஷயத்தில் வீட்டுக்கு ஆகாது. 10 ரூபாய்ச் சிறு பாக்கெட் கிராமுக்கு விலை கூடுதல்தான். ஆனால் பிரிக்க வேண்டிய ஒவ்வொரு பாக்கெட்டும் ஒரு நிறுத்தம். ஒரு சரமாகப் பன்னிரண்டு பாக்கெட் வாங்கி வைத்தால் இந்த லாபம் போய்விடும், அன்றைக்கு ஒன்று, அன்றைக்கே போய் வாங்கினால்தான் உண்டு. கண்ணாடி ஜாடி, ஒளி ஊடுருவும் டப்பா வேண்டாம். எவர்சில்வர் டப்பாவில் போட்டு, ஸ்டூல் போட்டு ஏறி எடுக்கும் பரணில் வையுங்கள். சாப்பாட்டு மேஜையில் வாழைப்பழம் இருக்கட்டும். வீட்டில் குழந்தைகளுக்காக வாங்குகிறேன் என்று சொல்பவர்கள், குழந்தைகளுக்குப் பிடித்து உங்களுக்குப் பிடிக்காத ரகத்தை வாங்கலாம்.

ஏதாவது ஒரே ஒரு பண்டம் உங்களைத் திரும்பத் திரும்பக் கவிழ்க்கிறதென்றால், அதற்கு "வீட்டில் இல்லை, வெளியில் உண்டு" என்ற விதி நன்றாகப் பொருந்தும். ஐஸ்கிரீம் தின்னலாம், கடைக்கு நடந்து போய், ஒரு கப் வாங்கி, அங்கேயே உட்கார்ந்து தின்னலாம். குடும்ப அளவு டப்பா மட்டும் வீட்டு ஃப்ரீசருக்குள் வராது. முழுத் தடை போட்டு வாழ்நாள் முழுக்கக் காப்பாற்றுபவர்கள் உண்டு, ஆனால் குறைவு.

முழுத் தடையும் கடும் பட்டினியும் ஏன் திருப்பி அடிக்கின்றன என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 1944, 45-ல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ், உடல்நலம் மிக்க 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்தார். அதுவரை சமையலில் அக்கறையே இல்லாதவர்கள் சமையல் புத்தகம் சேகரிக்க ஆரம்பித்தார்கள், சாப்பாட்டையே நினைத்தார்கள், அதையே பேசினார்கள். பட்டினி முடிந்து உணவு கிடைத்தபோது பலருக்கு எவ்வளவு தின்றும் நிறைவு வரவில்லை. காலையில் கிரீன் டீ, மதியம் வெள்ளரிக்காய் என்று நாலு நாள் இருந்துவிட்டு ஐந்தாம் நாள் இரவு பரோட்டாக் கடையில் நிற்பவருக்கு நடப்பதும் இதன் சின்ன வடிவம்தான்.

அதோடு சேர்ந்து வருவது "முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு" என்கிற மனநிலை. 1975-ல் ஹெர்மன், மேக் என்ற இருவர், டயட்டில் இருப்பவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் முதலில் மில்க்ஷேக் கொடுத்து, பிறகு ஐஸ்கிரீமை ருசி பார்க்கச் சொன்னார்கள். டயட்டில் இல்லாதவர்கள் மில்க்ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைவாகத் தின்றார்கள். வயிற்றில் ஏற்கெனவே இருக்கிறதே. டயட்டில் இருப்பவர்களோ மில்க்ஷேக் குடித்த பிறகுதான் கூடுதலாகத் தின்றார்கள். விரதம்தான் கெட்டுவிட்டதே, இன்று ஒரு கை பார்ப்போம், நாளையிலிருந்து ஆரம்பிக்கலாம் என்ற எண்ணம். கணக்காகப் பார்த்தால் சேதம் செய்வது முதல் லட்டு அல்ல, அதற்குப் பிறகு "போனது போகட்டும்" என்று தின்ற ஐந்து.

ஆகவே ஒரு நாள் மிஞ்சிப்போனால் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: அடுத்த வேளைச் சாப்பாட்டை அதே நேரத்துக்கு, வழக்கமான அளவில் சாப்பிடுங்கள். பட்டினி கிடக்காதீர்கள், வாந்தி எடுக்க முயலாதீர்கள், பேதி மாத்திரை வேண்டாம். சாப்பிட்டதும் 10, 15 நிமிடம் மெதுவாக நடந்தால் ரத்தச் சர்க்கரை ஏறும் வேகம் குறையும். நீரிழிவுக்கு இன்சுலினோ கிளிமிபிரைட் போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் "நேற்று தின்றதற்கு இன்று விரதம்" என்று இருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும்; மருந்தை மாற்றாமல் வேளையைத் தவிர்ப்பது அவர்களுக்கு ஆகவே ஆகாது. மறுநாள் காலை எடை மெஷினில் ஏறிப் பயப்படவும் வேண்டாம். உப்பு நீரைப் பிடித்து வைக்கும். மாவுச்சத்தை உடம்பு சேமிக்கும் வடிவம் கிளைக்கோஜன்; அதில் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் நீரோடு சேரும். ஒரே இரவில் ஏறிய ஒன்றரைக் கிலோவில் பெரும்பகுதி அதுதான். ஒரு கிலோ உடல் கொழுப்புக்குச் சுமார் 7700 கலோரி என்பது பழகிய கணக்கு. ஒரு விருந்தில் 1000 கலோரி கூடுதலாகப் போனால் அது 130 கிராம். அதைச் சரிசெய்ய உடைந்துபோகத் தேவையில்லை. ஆனால் வாரம் மூன்று முறை அதே நடந்தால் வருடத்தில் என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளலாம்.

பிரியாணிக்கு வருவோம். கடைப் பிரியாணி ஒரு முழுப் பொட்டலம் இரண்டு பேர் சாப்பாடு. அதை டப்பாவிலிருந்தே தின்பவர்கள் பாதியில் நிறுத்துவதில்லை. வாங்கி வந்ததும் பாதியைத் தனிப் பாத்திரத்தில் எடுத்து உடனே ஃபிரிட்ஜுக்கு அனுப்புங்கள். சாப்பிட்டுவிட்டு மிச்சத்தை வைக்கலாம் என்றால் மிச்சம் இருக்காது. தவிர, சமைத்த சோற்றை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்துவிட்டுப் பிறகு சூடுபண்ணித் தின்பது வயிற்றுக்கும் கேடு. தட்டில் முதலில் முட்டையையும் கறியையும் வெங்காயப் பச்சடியையும் எடுத்துக்கொண்டு, சோற்றைப் பின்னால் தொடங்குங்கள். காயும் புரதமும் முதலில், மாவுச்சத்து பிறகு என்ற வரிசையில் சாப்பிட்டால் சர்க்கரை ஏற்றம் குறையும், நீரிழிவு உள்ளவர்களுக்கு இது முக்கியம். ஆப்பில் ஆர்டர் செய்பவர்கள், பசி வருவதற்கு முன்பே ஆர்டரை முடித்துவிடுங்கள். "இன்னும் 60 ரூபாய்க்கு வாங்கினால் டெலிவரி இலவசம்" என்ற வரிக்காகச் சேர்க்கும் சிக்கன் 65-தான் பல வீடுகளில் மிகையாகும் பண்டம். ராத்திரி 10 மணி ஆர்டர் வழக்கமாகிவிட்டவர்கள், போனில் சேமித்த கார்டு விவரத்தை அழித்துவிட்டால் ஒவ்வொரு முறையும் எழுந்து பர்ஸைத் தேட வேண்டும். அந்தச் சோம்பல் நமக்குச் சாதகம்.

பண்டிகை இனிப்புக்கு முன்கூட்டியே திட்டம் வேண்டும். தீபாவளிக்கு வரும் எட்டுப் பெட்டியில் உங்களுக்கு உண்மையிலேயே பிடித்தது இரண்டு ரகம் இருக்கும். மற்றதெல்லாம் இருக்கிறதே என்று தின்பது. அன்றைக்கே, பெட்டி பிரிபடும் முன், எது வீட்டில் தங்கும், எது யாருக்குப் போகும் என்று முடிவு செய்யுங்கள். இரண்டு நாள் கழிந்தால் எந்தப் பெட்டியும் முழுசாக இருக்காது, அரைப் பெட்டியை யாருக்கும் கொடுக்கவும் முடியாது. தங்குவதை இரண்டிரண்டாகப் பொட்டலம் கட்டி ஃப்ரீசரில் வைத்தால், எடுத்து உடனே கடிக்க முடியாத கல்லாக இருக்கும். ஒரு மைசூர்பாகு 40 கிராம், சுமார் 200 கலோரி. சாப்பாட்டுக்குப் பிறகு தட்டில் வைத்து ஒன்று தின்றால் அது பண்டிகை. வருகிற போகிற வழியில் பெட்டியைத் திறந்து ஓரத்தைக் கிள்ளி வாயில் போடுவதுதான் கணக்கில் வராமல் நாலாகிவிடும். வீணாகப் போகிறதே என்று தின்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வேண்டாத இனிப்பு குப்பையில் போனாலும் வீண்தான், வயிற்றில் போனாலும் வீண்தான், வயிற்றில் போனதற்கு மருந்துச் செலவும் உண்டு.

நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, கேழ்வரகு முறுக்கு, சிறுதானிய மிக்சர் என்று பெயர் மாறியதும் அளவு இரண்டு மடங்காவதைப் பார்க்கலாம். வெல்லத்துக்கும் சீனிக்கும் கலோரியில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை; கேழ்வரகு முறுக்கும் அதே எண்ணெயில்தான் வேகிறது. பிடித்திருந்தால் தின்னுங்கள், சலுகையாக எண்ணித் தின்னாதீர்கள்.

நம் ஊரில் பாதி மிகை உபசரிப்பில் வருகிறது. பந்தியில் இலையில் இனிப்பு வைத்த இடம் காலியானால் அடுத்தது விழும். ஆகவே ஜாங்கிரியில் பாதியைக் கடைசிவரை இலையிலேயே விட்டு வையுங்கள். பரிமாறுபவர் வரும்போது கையை இலைக்கு மேல் காட்டி, சிரித்துக்கொண்டே "போதும்" என்று மட்டும் சொல்லுங்கள். காரணம் சொன்னால் வாதம் தொடங்கும்: "சுகர் இருக்கு" என்றால் "ஒண்ணு சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது" என்பார்கள், "வெயிட் போடுது" என்றால் "நீங்களா குண்டு?" என்பார்கள். உறவினர் வீட்டில் அத்தையோ சித்தியோ வற்புறுத்தினால், "ரொம்ப நல்லா இருந்தது அத்தை, ரெண்டு கட்டிக் கொடுங்க, வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்" என்பது அவர்கள் மனமும் நோகாத வழி. வீட்டுக்குக் கொண்டுவந்ததை வழியிலேயே பிரிக்காமல் இருக்க வேண்டும், அது உங்கள் பாடு.

இப்படி ஒவ்வொரு சந்தர்ப்பத்துக்கும் முன்பே ஒரு வாக்கியம் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளரின் ஆய்வுகளில் நன்றாக நிலைத்த உத்தி இது: "இது நடந்தால், இதைச் செய்வேன்" என்ற வடிவம். "இனிமேல் குறைவாகச் சாப்பிடுவேன்" என்பது வேலை செய்யாது. "ஆபீசில் கேக் வெட்டினால், ஒரு சின்னத் துண்டை வாங்கி, உட்கார்ந்து தின்று, தட்டைப் போட்டுவிட்டு என் இடத்துக்குப் போவேன்" என்பது வேலை செய்யும். 21 நாளில் பழக்கம் மாறும் என்று சொல்வதை நம்ப வேண்டாம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி 2010-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய செயல் தானாக வரும் பழக்கமாக ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை ஆனது, நடுவில் 66. ஒரு நாள் தவறியதால் பழக்கம் கலைந்துவிடவும் இல்லை.

தூக்கத்தைப் பலரும் இதோடு சேர்த்து எண்ணுவதில்லை, எண்ண வேண்டும். 2004-ல் சிகாகோவில் 12 இளைஞர்களை இரண்டு இரவு நாலு மணி நேரமும், வேறு இரண்டு இரவு பத்து மணி நேரமும் படுக்கையில் இருக்க வைத்துப் பார்த்தார்கள். தூக்கம் குறைந்தபோது நிறைவைச் சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைவு, பசியைத் தூண்டும் கிரெலின் 28 சதவீதம் கூடுதல்; ஆசை அதிகம் போனது இனிப்பு, உப்புத் தீனி, மாவுப் பண்டங்கள் மீது. 2022-ல் அதே நகரில் குறைவாகத் தூங்கும், எடை கூடியவர்களைச் சுமார் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்க வைத்தார்கள். டயட் எதுவும் சொல்லாமலே நாளொன்றுக்குச் சுமார் 270 கலோரி குறைந்தது. இரவு 1 மணிவரை ரீல்ஸ் பார்த்துவிட்டு மறுநாள் மிக்சரை எதிர்த்து நிற்பது வீண் போராட்டம்.

"உடம்புக்கு எது குறைகிறதோ அதையே நாக்கு கேட்கும்" என்பதும் பெரும்பாலும் சரியில்லை. மிக்சர் குறைந்ததால் யாருக்கும் நோய் வந்ததில்லை. ஒரு விலக்கு மட்டும் முக்கியம்: பச்சரிசி, விபூதி, சாம்பல், சாக்பீஸ், ஐஸ்கட்டி இவற்றைத் தின்னத் துடிப்பு இருந்தால், குறிப்பாகப் பெண்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும், இரும்புச்சத்துக் குறைவைச் சோதிக்க வேண்டும். ஹீமோகுளோபினோடு, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். இரும்பு ஏறினால் அந்தத் துடிப்பு பெரும்பாலும் தானாக அடங்கும். அதேபோல் பசி திடீரெனக் கூடி, தாகமும் அடிக்கடி சிறுநீரும் சேர்ந்திருந்தால் ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். பிரெட்னிசலோன், ஓலன்சபின், மிர்டசபின், சைப்ரோஹெப்டடின் போன்ற மருந்துகளும் பசியைக் கூட்டும். மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கடைசியாக, இதெல்லாம் போதாத ஒரு நிலை உண்டு. குறுகிய நேரத்தில் மற்றவர்கள் தின்ன முடியாத அளவு தின்பது, நிறுத்த முடியவில்லை என்ற உணர்வு, வழக்கத்தைவிட வேகமாக, வயிறு வலிக்கும்வரை, பசியே இல்லாமல், வெட்கத்தில் ஒளிந்து தனியாகத் தின்பது, முடிந்ததும் தன் மேலேயே அருவருப்பு. இது வாரம் ஒரு முறையாவது, மூன்று மாதம் தொடர்ந்தால் அது தீனி மிகைக் கோளாறு. 2013 முதல் மனநல மருத்துவ வகைப்பாட்டில் தனி நோயாகவே இருக்கிறது. வாந்தி எடுப்பதும் பேதி மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் அவசரம். இவர்களுக்கு டயட் சீட்டு கொடுப்பது நோயைக் கூட்டும். எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பயிற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை தெரிந்த உளவியலாளரோ மனநல மருத்துவரோ தேவை. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416-ஐ அழைக்கலாம்; கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். முதல் சந்திப்புக்கு அந்த ஏழு நாள் நோட்டையும் கையோடு எடுத்துப் போங்கள், மருத்துவர் முதலில் கேட்கப்போகும் கேள்விகளுக்குப் பாதிப் பதில் அதிலேயே இருக்கும்.